அகழி சூழ்ந்த மாதோட்டமும் உரோமர் மதிலூர்களும்

மதில், எயில், இஞ்சி, புரிசை, கிடங்கு, அகழி என ஊர்க்காவலைக் குறிக்கும் சொற்கள் நம் மொழியிற் பல. திருவள்ளுவர் அரணுக்கென ஓர் அதிகாரமே வகுத்து, அதனுள் நீரையும் ஓர் அரணாக எண்ணினார். சொல்வளம் இத்துணை இருந்தும், மதில் எடுத்த அரசன் மறைந்து, காவல் நின்ற வீரனும் மறைந்த பின்னர் அவ்வரணுக்குள் என்ன நிகழ்கின்றது என்னும் வினாவை நம் வரலாற்று நூலோர் மிகுதியாக எழுப்பியதில்லை. மேலைத்தேயத்தார் இவ்வினாவைத் தம் வீட்டு வாயிலிலேயே கண்டனர். உரோமர் எடுத்த மதில்களுக்குள் இன்றும் மக்கள் உண்டு உறங்கி வாழும் ஊர்கள் அவர்க்குப் பலவுள.

அவற்றுள் வியப்பு மிக்கது ஏட்ரியாற்றிக் கடலோரத்துள்ள ஸ்பிலிற் என்னும் நகரம். இற்றை நாளிற் குரோசியா நாட்டினது. உரோமப் பேரரசன் டயோகிளீசியன் கி.பி. 305 இல் தானாகவே முடிதுறந்து, தனக்கென அமைத்த அரண்மனையிற் சென்று தங்கினான். ஏறக்குறைய 215 மீற்றர் நீளமும் 180 மீற்றர் அகலமும் கொண்டு நாற்புறமும் மதில் சூழ நின்ற அம்மாளிகை பாதி அரண்மனை, பாதி படைவீடு எனத்தக்கது. அண்மையில் இருந்த சலோனா என்னும் பெருநகர் 7ஆம் நூற்றாண்டில் அவார், சிலாவியர் படையெடுப்பால் அழிந்தபோது, அங்கிருந்து ஓடிவந்தோர் இவ்வெற்று மாளிகையுட் புகுந்தனர். மன்னன் உலாவிய முற்றம் ஊர்ச் சதுக்கமாயிற்று. தாழ்வாரங்களை அடைத்து வீடாக்கினர். மதிலையே பின்சுவராக்கிக் கூரை வேய்ந்தனர். 303 ஆம் ஆண்டு தொடங்கிக் கிறித்தவரைக் கொடுமையாக ஒறுத்தவன் டயோகிளீசியன். அவனுடலைக் கிடத்திய மண்டபமே, அவன் காலத்திற் கொலையுண்ட டொம்னியஸ் என்னும் அடியார் பெயரால் தலைமைத் தேவாலயமாயிற்று. வரலாறு சிற்சில வேளைகளிற் புலவரினும் நன்றாக அங்கதம் பாடவல்லது போலும்! 1757 இல் ஆங்குச் சென்ற ஸ்கொத்திலாந்துக் கட்டடக் கலைஞர் இறொபேட் அடம் வீடுகளின் இடையே புகுந்து புகுந்து அளந்து, 1764 இல் அம்மாளிகையின் வரைபடங்களைப் பெருநூலாக வெளியிட்டார். மாளிகை எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துணர்வது அவருக்கே எளிதாக இருந்திராது.

இஸ்பானியாவின் லூகோ நகரம் இன்னொன்று. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அதன் மதில் இரண்டு கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவினதாய் இன்றும் முழுமையாக நிற்கின்றது. ஊரவர் மாலையில் அதன்மேல் உலாவுகின்றனர். உரோமாபுரியிலேயே ஒளரேலியன் 271 இல் தொடங்கிய மதில் ஏறக்குறைய 19 கிலோமீற்றர் நீளமுடையது. இங்கிலாந்தில் செஸ்டர் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் படைவீட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தவை என்பதை மாணவர் அறிவர்.

இத்தகைய ஊர் நம் நாட்டில் உண்டா? உரோமர் கட்டிய மதில் என ஒன்று இலங்கையில் இல்லை, தமிழகத்திலும் இல்லை. இதனை ஐயத்திற்கு இடமின்றி முதலிற் கூறிவிடல் வேண்டும்; ஏனெனில், பழம்பெருமை பேசும் ஆர்வத்தில் கடலோரத்துச் செங்கற்சுவரையெல்லாம் யவனர்க்குரியதாக்கும் வழக்கம் நம்மிடை இல்லாமலில்லை. சிலப்பதிகாரம் காட்டும் யவனர் மதுரை மதில் வாயிலில் வாளேந்திக் காவல் நிற்பவர். அதாவது, மதில் நம்முடையது. கூலிக்கு நின்ற காவலரே அவர். புகாரிலும் அவர்தம் இருக்கைகள் இருந்தன; அவையும் வணிகர் மனைகளே. ஆகவே நாம் தேடவேண்டியது உரோமர் எடுத்த மதிலையன்று; உரோமர் காலத்துக் கடல்வணிகத்தைக் கண்டதும், அரணாற் சூழப்பட்டதும், இன்றும் கால்நடையாகச் சுற்றிப் பார்க்கக் கூடியதுமான ஒரு பழம்பட்டினத்தையே. அத்தகையது வன்னிப் பெருநிலத்தின் மேலைக் கரையில் உள்ளது. அதுவே மாந்தை என்றும் மாதோட்டம் என்றும் வழங்கும் இடம்.

உடையார்கட்டிலிருந்து புறப்படுவோர் முல்லைத்தீவு வீதியால் மேற்கே பரந்தனை அடைந்து, அங்கிருந்து பூநகரி சென்று, பின்னர்த் தெற்கு நோக்கி முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு ஆகிய ஊர்களைக் கடந்து மாந்தையை அடையலாம். கீழைக் கடலை அடுத்த காட்டூரிலிருந்து மேலைக் கடலோரம் வரை வன்னியை ஒரே நாளிற் குறுக்கே கடக்கும் இவ்வழி, வரலாறு பயிலும் மாணவர்க்கு ஒரு பாடநூல் போன்றது. பூநகரியிலும் பெருங்கற்காலப் பண்பாட்டுச் சின்னங்கள் கிடைத்துள்ளன. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் அவற்றை ஆராய்ந்து 1993 இல் நூலாக வெளியிட்டார்.

மாந்தையை முதன்முறை காண்போர் ஏமாற்றமடைதல் கூடும். அங்கே ஸ்பிலிற்றைப் போல வானளாவிய வாயிலும் இல்லை. லூகோவைப் போலக் கற்கோபுரங்களும் இல்லை. முட்செடியும் பற்றையும் மண்டிய மேடு ஒன்று, குதிரைலாட வடிவினது, ஏறக்குறைய 30 ஹெக்டேயர் பரப்புடையது. அதனைச் சூழ ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அகழிகள். நடுவே திருக்கேதீச்சரத் திருக்கோயிலும் பாலாவித் தீர்த்தமும். இவ்வளவே கண்ணுக்குத் தோன்றுவது. ஆயினும் இம்மேடு இயற்கையாக எழுந்ததன்று. சுற்றிலும் தரை மட்டமாகக் கிடக்கும் இக்கடலோரத்தில், மனிதர் வீடு கட்டி, வீடு இடிந்து, அவ்விடிபாட்டின்மேல் மீண்டும் வீடு கட்டி, உடைந்த பானையையும் எரிந்த கரியையும் தின்றெறிந்த எலும்பையும் தலைமுறை தலைமுறையாகக் குவித்ததனாலேயே நிலம் உயர்ந்தது. பிறவிடங்களில் ஊரைச் சுற்றி மதில் உயர்ந்தது. இங்கோ அகழிக்குள் ஊரே உயர்ந்தது. மழை பெய்து ஓய்ந்தபின் மேட்டின் சரிவில் நடப்பவர் காலடியில் ஓட்டுத்துண்டுகள் நொறுங்கும் ஒலி கேட்கும்.

இம்மேட்டினை முறையாக ஆராய முற்பட்டவர் மன்னாரில் அரசபணி புரிந்த போக் என்பவர். அவரது அறிக்கை 1887 இல் வெளியாயிற்று. 1920களில் தொல்பொருட்டிணைக்களத்தைச் சேர்ந்த ஹோகாட், 1950களின் தொடக்கத்தில் சண்முகநாதன் ஆகியோர் அகழ்ந்தனர். விரிவான அகழ்வு 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடைபெற்றது. அடுக்கடுக்காக மண்ணை நீக்கிச் சென்றவர்கள் யாவற்றுக்கும் அடியிலே, இரும்பு அறியாத மக்கள் பயன்படுத்திய சிறு கற்கருவிகளைக் கண்டனர். அதற்கு மேலே தமிழகத்துக் கடற்கரைகளிலும் கிடைக்கும் உருளிக்கோலம் தீட்டிய மட்கலங்கள். அதற்கும் மேலே பாரசீக நாட்டுப் பச்சை நீல மெருகுக் கலங்கள், சீனத்துப் பீங்கான், கண்ணாடி மணிகள், சங்குவளைத் துண்டுகள். சாசானியர் காலத்து முத்திரை பதித்த களிமண் கட்டியொன்றும் கிடைத்தது. சரக்குப் பொதியைக் கட்டி முத்திரையிடும் வணிகவழக்கு அதனாற் புலனாகின்றது. உள்நாட்டுப் போர் அகழ்வினைத் தடுத்தது. முழு அறிக்கை நூலாக வெளிவரும்போது ஆண்டு 2013 ஆகிவிட்டது. முதன் மண்வெட்டி நிலத்தில் விழுந்து 33 ஆண்டுகள் கழிந்தன.

2009, 2010 ஆம் ஆண்டுகளில் மீண்டும் அகழ்ந்தோர் முன்னோர் பொருட்படுத்தாத ஒன்றைத் தேடினர். மண்ணை நீரிற் கரைத்து, மிதந்து வரும் கருகிய விதைகளைச் சேர்த்தனர். நெல் பெருவாரியாகக் கிடைத்தது. கோதுமையும் மிளகும் கிடைத்தன. இவற்றோடு ஒரேயொரு கராம்பும் கிடைத்தது. அது கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட மண்ணடுக்கிற்குரியது. அந்நாளிற் கராம்பு விளைந்த நிலம் இன்றைய இந்தோனேசியாவின் கீழைக்கோடியிலுள்ள மொலுக்கஸ் தீவுகளே. கடல்வழியாக 7,000 கிலோமீற்றர் கடந்து வந்து, யாரோ ஒருவர் அடுக்களையிலோ பண்டசாலையிலோ தவறி விழுந்து கருகியதனாலேயே அது நமக்கு எஞ்சிற்று. சோழர் ஆட்சியின் கடல்வலிமை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றோம். அக்கடலிற் சென்ற சரக்கு இன்னதென்று கைமேல் வைத்துக் காட்டுவது இச்சிறு கராம்பே.

உரோமர் தொடர்புக்கு வருவோம். மூத்த பிளினி என்னும் இலத்தீன் ஆசிரியர் ஒரு செய்தி கூறுகின்றார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவனின் விடுதலை பெற்ற அடிமை ஒருவன், காற்றினால் அலைக்கப்பட்டுப் பதினைந்தாம் நாள் இலங்கையின் ஹிப்புரோஸ் துறையை அடைந்தான். இலங்கை மன்னன் அவனை ஆறு மாதம் விருந்தோம்பினான். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகள் வெவ்வேறு அரசர் தலை பொறித்தனவாயினும் ஒரே நிறையினவாக இருக்கக்கண்டு அந்நாட்டாரின் நேர்மையை வியந்து, பேரரசன் கிளோடியஸிடம் நால்வரைத் தூதனுப்பினான். கதை சுவையானது. எகிப்தின் கீழைப்பாலைவழியில், புளோகாமஸின் அடிமை லைசாஸ் என்பான் கி.பி. 6 இற் பொறித்த எழுத்துகள் பாறையொன்றிற் கிடைத்தமையால், அன்னியஸ் புளோகாமஸ் குடும்பத்தார் அவ்வழியில் வணிகத் தொடர்புடையோராய் இருந்தமை உறுதியாயிற்று. ஆனால் ஹிப்புரோஸ் எது? மன்னாருக்குத் தெற்கேயுள்ள குதிரைமலை என்பர் சிலர். கிரேக்க மொழியிற் குதிரையைக் குறிக்கும் சொல்லோடு பெயர் ஒத்திருத்தலே அவர் சான்று. மாதோட்டம் என்று பிளினி கூறவில்லை. ஆறாம் நூற்றாண்டிற் கொஸ்மஸ் என்னும் துறவி இலங்கையைப் பாரசீகம், எத்தியோப்பியா, சீனம் ஆகிய நாடுகளின் சரக்குகள் கைமாறும் நடுநிலைச் சந்தையாக வருணிக்கின்றார்; அவரும் துறையின் பெயரைத் தரவில்லை. இலங்கையிற் கிடைத்த உரோம நாணயங்களிற் பெரும்பாலானவை 4, 5 ஆம் நூற்றாண்டுகளுக்குரிய சிறு செப்புக்காசுகள். ஆகவே பிளினி, கொஸ்மஸ் இருவர் கூற்றினையும் மாந்தை மேட்டிற் கொண்டுவந்து ஒட்டுவதற்கு முன் இருமுறை எண்ணுதல் நன்று. அநுராதபுரத்திலிருந்து அருவியாறு ஓடிக் கடல்சேரும் பக்கத்தில், அத்தலைநகருக்குரிய பெருந்துறையாக மகாதித்த என்னும் பெயரால் மாதோட்டத்தை மகாவமிசம் குறிப்பதும், விசயனை மணக்கப் பாண்டிநாட்டிலிருந்து வந்த அரசகுமாரி அங்கேயே கரையிறங்கினாள் என்னும் கதையும், அகழ்விற் கிடைத்த பொருள்களும் சேர்ந்தே இத்துறையின் சிறப்பை நாட்டப் போதியன. கடன்வாங்கிய பெருமை மாதோட்டத்திற்கு வேண்டுவதில்லை.

திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் என்பதைச் சைவமக்கட்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பலர் அறியாத சான்றொன்று உண்டு. 9, 10 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிங்களச் சாசனங்கள் சிலவற்றின் இறுதியில், இவ்வறத்தை மீறுவோர் மாதோட்டத்திற் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவர் என்னும் கருத்தில் ஓம்படைக்கிளவி அமைந்துள்ளது. தமிழகத்துக் கல்வெட்டுகள் கங்கைக்கரையில் என்று கூறுமிடத்தில் இவை மாதோட்டத்தில் என்று கூறுகின்றன. பௌத்த மன்னர் அவையிலும் இம்மண் அத்துணைப் புனிதமுடையதாக எண்ணப்பட்டது. மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்டோர் ஒரு துறைநகரின் புனிதத்தை உடன்பட்டு ஏற்றமைக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ? இக்காலத்தில் இருசாராரும் இம்மேட்டின் உரிமைபற்றி எழுதும் நூல்களில் இச்சாசனங்கள் அருகியே இடம்பெறுவது வருந்தத்தக்கது.

முதலாம் இராசராசன் காலத்திற் சோழர் வடவிலங்கையைக் கைப்பற்றியபின் இவ்வூர் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. தாழிகுமரன் என்னும் சோழநாட்டு அதிகாரி இங்கே இராசராச ஈச்சரம் என்னும் கோயிலை எடுப்பித்து, விளக்குக்கும் விழாவுக்கும் நிவந்தம் வைத்தான். அக்கல்வெட்டு இன்று கொழும்பு அரும்பொருட்சாலையில் உள்ளது. கோயில் இருந்த இடம் தெரியவில்லை. 11ஆம் நூற்றாண்டின் பின்னர்ப் பட்டினம் தேய்ந்தது. வணிகர் அகன்றனர், துறை தூர்ந்தது. 1560 இற் போர்த்துக்கேயர் மன்னாரிற் கோட்டை கட்டினர். திருக்கேதீச்சரத்தை இடித்த கற்களையும் அக்கோட்டைக்கு இட்டனர் என்பது வழிவழி வந்த செய்தி. உண்மையாயின், ஓர் அரணூரின் எலும்பு இன்னோர் அரணுக்குத் தசையாயிற்று எனலாம்.

இவ்விடத்தே ஸ்பிலிற்றை மறந்து, இங்கிலாந்தின் சில்செஸ்டரை நினைத்தல் பொருந்தும். கலேவா என்னும் உரோமப் பட்டினம் அது. ஏறக்குறைய 40 ஹெக்டேயர் நிலத்தைச் சூழ்ந்த அதன் கல்மதில் இன்றும் நிற்கின்றது. உள்ளே வீடில்லை, கடையில்லை, புல்வெளியும் வயலுமே. உரோமர் ஆட்சி நீங்கியபின் மக்கள் படிப்படியாக வெளியேறினர், மீண்டு வரவில்லை. கிழக்கு வாயிலுக்கு அணித்தே இடைக்காலத்துச் சிறு தேவாலயம் ஒன்று மட்டும் உண்டு. மழையற்ற கோடையிற் பயிர் வாடும்போது, புதைந்த தெருக்கள் கோடுகோடாக நிலத்தில் தோன்றும். 1890 முதல் 1909 வரை முழுநகரையும் அகழ்ந்தனர். பின்னர் 1997 இல் றெடிங் பல்கலைக்கழகத்தார் மீண்டும் தொடங்கி, ஒரு மூலையை மட்டும் பதினெட்டுக் கோடைகள் நிதானமாக அகழ்ந்தனர். முன்னோர் அவசரத்தில் வீசியெறிந்த மண்ணிலும் அவர்க்குச் செய்தி கிடைத்தது.

மாதோட்டம் சில்செஸ்டருக்கு உடன்பிறப்புப் போன்றது: மக்கள் நீங்கிய பட்டினம், எஞ்சிய சுற்றரண், உள்ளே ஒரு வழிபாட்டிடம். வேறுபாடு ஒன்றே. சில்செஸ்டரில் மதில் நின்றமையால் எல்லை அழியவில்லை; இங்கோ அகழி தூர்ந்தால் எல்லையே அழியும். மண்ணரணுக்கு இருக்கும் இடர் இது. கல்லைக் கொண்டுபோவோர் கண்ணிற் படுவர். மண்ணைக் கொட்டுவோர் படார். பள்ளம் தானே, மேடு தானே என்று நிரவிவிடுதல் எளிது.

இம்மண்மேடு இந்நாள்வரை தப்பியது பெரும்பாலும் கோயிலின் நினைவினால். ஆறுமுகநாவலர் 1872 இல் திருக்கேதீச்சரத்தைப் புதுப்பிக்குமாறு சைவமக்களுக்கு விண்ணப்பித்தார். பல ஆண்டுகள் கழித்துக் காணி சைவர் கைக்கு வந்தது. 1903 இற் சிறு கோயில் எழுந்தது. 1948 இற் சேர் கந்தையா வைத்தியநாதன் முன்னின்று திருப்பணிச்சபை அமைய, 1960 இலும் 1976 இலும் குடமுழுக்குகள் நிகழ்ந்தன. 1990 இன் பின்னர்ப் போர் அடியாரை அப்புறப்படுத்திற்று. மறுபடியும் இவ்வூர் மக்களற்ற அரணூராயிற்று. தலைமன்னார் இருப்புப்பாதையும் நின்றுபோய் 2015 இலேயே மீண்டது. இந்திய அரசின் உதவியோடு கருங்கற் திருப்பணி நடைபெற்று 2022 ஜூலையிற் குடமுழுக்கு நிகழ்ந்தது.

ஆனால் கோயிற்பணியும் மண்ணை வெட்டியே ஆகவேண்டும். மடம், கிணறு, மின்கம்பம், வாகனத் தரிப்பிடம் யாவற்றுக்கும் குழி வேண்டும். அக்குழிகள் ஒவ்வொன்றும் ஆயிரமாண்டு ஏட்டிற் கிழிக்கப்படும் ஒரு தாள். 2013 டிசம்பரில் திருக்கேதீச்சரத்தை அண்டி நீர்க்குழாய் பதிக்க வெட்டியபோது வெளிப்பட்டவை பானையோடுகள் அல்ல, மனித எலும்புகள், எண்பதுக்கு மேற்பட்டோருடையவை. நீதிமன்றம் வரை சென்ற அவ்விடயம் தொல்லியலாளர்க்குரியதா, காணாமற்போனோரைத் தேடும் தாய்மார்க்குரியதா என்று நாடெங்கும் வினவப்பட்டது. மாந்தை மண்ணை அறிவோடும் பொறுமையோடும் வெட்டவேண்டும் என்பதற்குப் பழைமைப் பற்று ஒன்று மட்டுமே காரணமன்று.

கோயிலுக்கும் ஆய்வுக்கும் பகையுண்டு என யாம் கருதவில்லை. கோயில் இல்லையேல், பற்றைக்காட்டு மேடொன்றைக் காக்க வன்னியிலோ யாழ்ப்பாணத்திலோ எவர் வாதாடியிருப்பர்? எனினும் அடியார் பரவும் எல்லை கோயில் வீதியோடு முடிகின்றது. பட்டினத்தின் எல்லையோ வெளியகழியின் அக்கரையில் உள்ளது. இரண்டிற்கும் இடைப்பட்ட நிலமே கேட்பாரற்றுக் கிடப்பது. இரண்டு அகழிகளின் கரைகளையும் அளந்து கல் நாட்டி, அவற்றுள் மண் நிரப்புதலைத் தடுத்து, கட்டடக் குழி தோண்டுமுன் தொல்லியலாளர் ஒருவர் முதலில் இறங்கிப் பார்க்கும் ஒழுங்கைத் திருப்பணியாளரே கேட்டுப் பெறுதல் கூடும். இதற்குப் பெரும்பொருட் செலவு வேண்டுவதில்லை. வரலாறு பயிலும் கல்லூரி மாணவர் கோடைவிடுமுறையில் நீர் வற்றிய அகழியை நூலிட்டு அளந்து ஒரு வரைபடம் ஆக்கினாலும் போதிய தொடக்கமாகும். அடம் ஸ்பிலிற்றிற் செய்ததும் ஏறத்தாழ அதுவே.

சிவராத்திரியன்று வன்னியின் பல மூலைகளிலிருந்தும், உடையார்கட்டு, விசுவமடு முதலிய ஊர்களிலிருந்தும் மக்கள் பேருந்திலும் உழவுஇயந்திரப் பெட்டியிலும் ஏறி இங்கு வருவர். பாலாவியில் மூழ்கி, குடத்தில் நீர் முகந்து, ஈரவுடையோடு சென்று சிவலிங்கத்திற்குத் தம் கையாலேயே சொரிவர். வரும்போது ஒருமுறையும் போகும்போது ஒருமுறையும் அவர்கள் இரண்டு அகழிகளையும் கடக்கின்றனர்.